கரடியனாற்றுக்குப் போன கோட்

1. சாப்பாட்டுப் பார்சலும் சுகந்தியும்

அன்று வெள்ளிக்கிழமை. மத்தியானச் சாப்பாட்டுப் பார்சலைப் பிரித்துக்கொண்டிருக்கிற நேரம் பார்த்து வீடியோ கோல் வந்தது. திரையில் சுகந்தி. இங்கிலாந்தில் எங்கள் கம்பனியின் முதியோர் இல்லம் ஒன்றில் வயதானவர்களைப் பராமரிக்கிறவள். சொந்த ஊர் மட்டக்களப்புப் பக்கம் கரடியனாறு. இங்கிலாந்தில் அப்போதுதான் நன்றாக விடிந்திருந்தது. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, பிள்ளை அழுது முடித்துவிட்டுத்தான் கோல் எடுத்திருக்கிறாள்.

"மிஸ், உள்ளுக்குப் போகேலாமக் கிடக்கு."

"எதுக்குள்ள புள்ள?"

"என்ட விசா அக்கவுண்டுக்குள்ள. போனுக்குக் கோட் நம்பர் அனுப்பிட்டம் எண்டு சொல்லுது. எனக்கு ஒண்டும் வரல்ல. எழும்பினதில இருந்து அமத்திறன் மிஸ். வரவே இல்ல."

பார்சலை அப்படியே மூடி வைத்தேன். அன்றைக்குச் சாப்பிடவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். வீட்டுச் சமையல், அதுவும் இறால் கறி. இன்றைக்கும் நினைத்தால் வயிறு எரியும்.

எங்கள் ஒபிஸுக்குப் புதிதாக வந்திருக்கிற பிள்ளைகளுக்காகக் கொஞ்சம் விளக்கம் தேவை. மட்டக்களப்பில் இருக்கும் எங்கள் ஒபிஸ் வெளி ஏஜென்சி இல்லை. அந்தக் கம்பனியின் சொந்தக் கிளைதான். இங்கிலாந்தில் வேலை செய்கிற வெளிநாட்டு ஆட்கள், கேரளத்துத் தாதி, நைஜீரியப் பொடியன், பிலிப்பைன்ஸ் பிள்ளை, எங்கட ஊர்ப் பிள்ளை, எல்லாருக்கும் அங்கே வேலை செய்ய உரிமை இருக்கிறதா என்று இங்கிருந்து பார்ப்பதுதான் எங்கள் பகுதி. முந்தி விசா கார்ட்டை வாங்கி, பிரட்டிப் பார்த்து, போட்டோக்கொப்பி அடித்தால் வேலை முடிந்தது. இப்போது கார்ட் இல்லை. எல்லாம் குடிவரவு இணையத்தில். வேலை செய்கிறவர் தன் போனுக்கு வரும் கோட்டைப் போட்டு அக்கவுண்டுக்குள் போய், அங்கே செயார் கோட் என்ற வேறொரு கோட்டை எடுத்து எங்களுக்குத் தரவேண்டும். நாங்கள் முதலாளிமாருக்கென்று இருக்கிற பக்கத்தில் அந்தக் கோட்டையும் பிறந்த திகதியையும் போட்டால், ஆளின் படம் வரும், என்ன வேலை செய்யலாம் என்று வரும், எந்தத் திகதி வரைக்கும் என்று வரும். மறுகா ஆளை வீடியோவில் கூப்பிட்டு, படத்தையும் முகத்தையும் ஒப்பிட்டு, அந்தப் பக்கத்தைச் சேமிக்கவேண்டும்.

சுகந்தியின் பழைய விசா அந்த வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. நீடிப்புக் கிடைத்துவிட்டது. கம்பனி வக்கீலுக்கு மின்னஞ்சலும் வந்துவிட்டது. ஆனால் நாங்கள் திரும்பச் செக் பண்ணிச் சேமிக்காவிட்டால் சனிக்கிழமை விடிய அவளை ரோஸ்டரில் இருந்து எடுத்துவிடுவார்கள். வேலை இல்லை. வேலை இல்லாமல் நாள் போகப்போக, விசாவுக்குப் பொறுப்பு நிற்கிற ஸ்பொன்சரும் கையை விரிக்கும். ஸ்பொன்சர் போனால் பெட்டியைக் கட்டவேண்டியதுதான். விசா கையில் இருந்தும் வேலை போகப் பார்க்கிறது. இதைவிட அநியாயம் என்ன இருக்கிறது?

2. ஸ்கிரீன்ஷொட்டுக்கு இங்கே இடமில்லை

"வக்கீலுக்கு வந்த ஈமெயில வச்சுச் செய்யேலாதா மிஸ்?" என்று கேட்டாள்.

ஏலாது. நெஞ்சு உருகித்தான் சொன்னேன், ஆனாலும் சொன்னேன். ஈமெயிலும் ஸ்கிரீன்ஷொட்டும் எங்களுக்குச் செல்லாது. முன்பு ஒருவர் அனுப்பிய ஸ்கிரீன்ஷொட் அவ்வளவு வடிவாக இருந்தது. திகதி, முத்திரை, படம் எல்லாம் கச்சிதம். முதலாளிமாரின் பக்கத்தில் போட்டுப் பார்த்தால் விசா முடிந்து போயிருந்தது. அன்றிலிருந்து யார் கெஞ்சினாலும் நான் அசைவதில்லை. இரும்பு மிஸ் என்று எனக்குப் பட்டம் வைத்திருக்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

"கோட் எந்த நம்பருக்குப் போகுது எண்டு பாரன்," என்றேன்.

பார்த்தாள். கடைசி இலக்கங்களை வாசித்தாள். இலங்கை நம்பர்.

"ஐயோ மிஸ்! இது தவம் அண்ணன்ட நம்பர்!"

விஷயம் இதுதான். தங்கச்சியின் கல்யாணத்துக்கு லீவில் வந்த நேரம், கரடியனாற்றில் தவம் என்பவரின், விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கிற கொமினிகேஷன் கடையில் உட்கார்ந்துதான் இந்த அக்கவுண்டைத் திறந்திருக்கிறாள். அவளுடைய லண்டன் சிம் அங்கே வேலை செய்யவில்லை. அவர் தன் நம்பரைப் போட்டுவிட்டார். எங்கட சனத்துக்கு இது புதினமே இல்லை. பரீட்சை விண்ணப்பமோ பாஸ்போட்டோ, எல்லாவற்றிலும் கொமினிகேஷன்காரனின் நம்பர்தான் நிற்கும். தன் நம்பர் எத்தனை பிள்ளைகளின் பெயரில் நிற்கிறது என்று அவருக்கே தெரியாது.

"உடனே அவருக்குக் கோல் எடு," என்றேன். எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வந்தாள்.

"கன தரம் அடிச்சன். எடுக்கிறாரே இல்ல. கடையின்ட வேற நம்பர் என்னட்ட இல்ல மிஸ். அப்பா உன்னிச்சைப் பக்கம் வயல் வட்டைக்குள்ள, காவல் வாடியில. அங்க கவரேஜ் இல்ல. தங்கச்சி திருகோணமலையில."

இணையத்தில் எழுதிக் கேட்டு நம்பரை மாற்ற வழி இருக்கிறது. ஆனால் அது நாட்கணக்கில் சுணங்கும். எங்களிடம் இருந்தது அந்தப் பின்னேரம் மட்டும்தான்.

எங்கள் மனேஜர் பிரான்சிஸ் சேரிடம் போனேன். அமைதியான மனிசன். வாவிப் பக்க ஜன்னலடியில் இருந்து எல்லாத்தையும் கேட்டுவிட்டு, "போங்க மிஸ்," என்றார். "ஓட்டோவுக்கு நான் சொல்றன். போய் அந்தாள் போனை எடுக்கிற மாதிரிச் செய்யுங்க. ஆனா ஒண்டு. கோட்ட நீங்க தொடப்படாது. பார்க்கவும் படாது, கேக்கவும் படாது. செக் பண்றவ அந்தப் புள்ளட அக்கவுண்டுக்குள்ள கை வச்சா அது செக்கே இல்ல."

அந்த நேரம் எனக்குக் கோபம்தான் வந்தது. பிள்ளை அங்கே தவிக்கிறது, இவர் சட்டம் பேசுகிறார் என்று முணுமுணுத்துக்கொண்டு ஓட்டோவில் ஏறினேன். ஆனால் இத்தனை வருசத்தில் அப்படிப்பட்ட மேலதிகாரி எனக்கு வேறு ஒருவரும் வாய்க்கவில்லை. போகவும் விட்டார், எல்லையையும் சொல்லி விட்டார்.

3. லமினேட்டிங் மெஷின்

செங்கலடியில் கிறுகி, பதுளை வீதியால் போகும்போது வெயில் உச்சியைப் பிளந்தது. ஓட்டோக்காரத் தம்பி வழி நெடுக யானைக் கதை சொன்னான். எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. போய் அந்தாளைக் கிழிகிழி என்று கிழிப்பது எப்படி என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன்.

கடை சின்னக் கடை. உள்ளே போட்டோக்கொப்பி மெஷின், ஒரு கொம்பியூட்டர், சுவர் நிறையக் கல்யாணக் கார்ட் மாதிரிகள். கவுண்டருக்குப் பின்னால் தவம். ஐம்பது வயதிருக்கும். தொந்தியும் மீசையும் பெரிய குரலும். யாரோ ஒரு கிழவருக்குப் படம் எடுத்துக்கொண்டு, "அப்பு, சிரிக்காதங்க, சிரிச்சா பாஸ்போட்டுக்கு எடுக்கமாட்டானுகள்," என்று அதட்டிக்கொண்டிருந்தார்.

கிழவர் போனதும் என் ஒபிஸ் கார்ட்டை நீட்டினேன். யார் என்று சொன்னேன், சுகந்தியின் கதையைச் சொன்னேன், வாயில் வந்த ஏச்சையும் சேர்த்துச் சொன்னேன். அவர் கார்ட்டை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"வடிவான கார்ட்."

"என்ன?"

"வடிவா இரிக்கி எண்டன். இப்பிடி ஒண்டு நானும் அடிச்சுத் தருவன். இந்தா, லமினேட்டிங் மெஷின் இஞ்சதான் கிடக்கு. பேரையும் படத்தையும் தாங்க, வேணுமெண்டா பொலிஸ் எண்டே அடிச்சுத் தாறன்."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. ஆனால் அந்த நிமிசமே அந்த வடிவான ஸ்கிரீன்ஷொட்டும் ஞாபகத்துக்கு வந்து தொலைத்தது. அதை அனுப்பிய மனிதருக்கு நான் எழுதியதும் இதே கதைதான். உங்கள் கையில் இருப்பதை நான் நம்பமாட்டேன், நானே போய்ப் பார்க்கிற இடத்தில் இருந்தால்தான் நம்புவேன்.

"சரி, என்ன நம்பவேணாம்," என்றேன். "அந்தப் புள்ளையோட கதையுங்க. ஏன் போன் எடுக்கிறீங்க இல்ல?"

கவுண்டருக்குப் பின்னால் ஒரு தட்டில், வயரில் செருகியபடி கிடந்த பழைய பட்டன் போனைக் காட்டினார். அதன் எழுத்துகள் எல்லாம் தேய்ந்து போயிருந்தன.

"இது நான் கதைக்கிற போன் இல்ல மிஸ். இது அந்தப் புள்ளையளுக்கு. வெளிநாட்டுக்குப் போன புள்ளையள் கன பேருக்கு இந்த நம்பரத்தான் போட்டிரிக்கன். அண்டைக்கு விளங்கல்ல எனக்கு, வேலை முடிஞ்சாச் சரி எண்டு போட்டன். மறுகா எல்லாருக்கும் சொன்னன், அங்க போய் உங்கட நம்பர மாத்துங்க எண்டு. ஆர் மாத்தினது? ஒருத்தரும் மாத்தல்ல. இந்தப் போன விக்கவும் ஏலா, சிம்ம மாத்தவும் ஏலா. ரீலோட் போட்டுப் போட்டு உசிரோட வச்சிரிக்கன். இந்தச் சிம் செத்தா அந்தப் புள்ளையள் அங்க தெருவில நிக்கும்."

போனைத் தூக்கிப் பார்த்தார். "மத்தியானத்துக்கு முதல்ல இருந்து கோட் வந்து குவிஞ்சு கிடக்கு. ஆரோ தவிக்கிறாங்க எண்டு விளங்கிச்சு. ஆனா ஆர் எண்டு மெசேச்சில போடுறானுகள் இல்லயே. நான் ஆருக்கெண்டு கோல் எடுக்கிறது?"

"அவ எடுத்த கோல எடுத்திருந்தா ஆரெண்டு தெரிஞ்சிரிக்குமே!"

"எடுக்கிறல்ல," என்றார். பெரிய குரல் அப்போதுதான் கொஞ்சம் இறங்கியது. "முந்தி எடுத்தனான். ஒரு நாள் ஒரு புள்ள கோலில வந்தா, குரல் அவடதான், எனக்கு நல்லாத் தெரியும். 'அண்ணன், கோட் வந்தாச் சொல்லுங்க' எண்டா. நானும் சொல்லிட்டன். மறுகாதான் தெரிய வந்திச்சு, பக்கத்தில ஒரு புரோக்கர் நிண்டு சொல்ல வச்சிரிக்கான். அக்கவுண்டப் புடிச்சு வச்சிக்கிட்டு, நான் காட்டுற இடத்திலதான் வேலை செய்யோணும் எண்டு அந்தப் புள்ளைய ஆட்டிப் படைச்சிரிக்கான். அவட அக்கா வந்து இந்த வாசல்ல நிண்டு அழுதா மிஸ். அதுக்குப் பிறகு கோலில கோட் சொல்றல்ல. குடும்பத்தில ஒராள் நேர வரோணும்."

உண்மையைச் சொன்னால், அந்த நேரத்தில் அந்த மனிசன்மேல் ஒரு பெரிய மரியாதையே வந்துவிட்டது.

4. என்னை வெளியே நிறுத்தினார்

"குடும்பத்தில ஆரும் வரேலாது," என்றேன். அப்பா வாடியில் இருப்பதைச் சொன்னேன். தவம் மீசையைத் தடவிக்கொண்டு யோசித்தார். பிறகு தன் மற்றப் போனை எடுத்து, என்னிடம் சுகந்தியின் நம்பரை வாங்கி, தானே வட்ஸ்அப் வீடியோ எடுத்தார்.

திரையில் சுகந்தி வந்ததும், "தவம் அண்ணே!" என்று கத்தியே விட்டாள்.

தவம் சிரிக்கவில்லை. "புள்ள, நீ என்ட கடையில என்னத்த விட்டுட்டுப் போனீ?"

"குடை! ஊதாக் குடை. இன்னும் வச்சிரிக்கீங்களா?"

சுவரில் ஆணியில் அது தொங்கியது. நான் நினைத்தேன், சரி, முடிந்தது, ஆள் அவள்தான் என்று உறுதி. எங்கள் ஒபிஸிலும் இந்த இடத்தோடுதான் நிறுத்துவோம். படமும் முகமும் ஒன்று, ஆள் அவரேதான், பாஸ்.

தவம் அதோடு நிறுத்தவில்லை.

"இப்ப போனைச் சுத்திக் காட்டு. கதவுக்குப் பின்னுக்கும் காட்டு. அறையில ஆர் நிக்கிறது?"

"ஒருத்தரும் இல்ல அண்ணே."

"காட்டு எண்டன்."

காட்டினாள். சின்ன அறை. கட்டில், கேத்தில், ஜன்னலில் மழைத் தண்ணீர். கதவைச் சாத்தினாள். அதன் பின்னால் ஒரு ஹேங்கரில் எங்கள் கம்பனியின் நீல யூனிபோர்ம், மடிப்புக் கலையாமல் அயன் பண்ணித் தொங்கியது. அடுத்த நாள் விடிய வேலைக்குப் போட்டுக்கொண்டு போவதற்கு. போகவிடுவார்களோ என்றே தெரியாத பிள்ளை, அழுகைக்கு நடுவில் யூனிபோர்மை அயன் பண்ணி வைத்திருக்கிறாள்.

"உன்ட பாஸ்போட் ஆர்ட கையில?"

"என்ட கையிலதான் அண்ணே. இந்தா."

"ஆரும் சொல்லியா கேக்கிறாய்?"

"இல்ல அண்ணே. எனக்குத்தான் வேணும். நாளைக்கு வேலைக்குப் போகோணும்."

தவம் தலையாட்டினார். பிறகு என் பக்கம் திரும்பினார். "மிஸ், நீங்க வெளிய நில்லுங்க."

"நானா?"

"நீங்கதான். கோட் அவட. உங்கட இல்ல."

பிரான்சிஸ் சேர் சொன்ன அதே சொல். ஒருவர் வாவிக்கரை ஒபிஸில் இருந்து சொன்னார், ஒருவர் கரடியனாற்றுக் கடையில் இருந்து சொல்கிறார். ஒருவரை ஒருவர் கண்டதே இல்லை. நான் எழும்பி நடந்தேன். வெயிலைப் பார்த்துவிட்டு தவம் ஆணியில் இருந்த குடையை எடுத்து நீட்டினார்.

"இந்தாங்க, அவட குடையப் புடிச்சிட்டு நில்லுங்க. போகக்குள்ள தந்திரோணும்."

இங்கிலாந்துக் கம்பனியின் மூத்த செக்கிங் ஒபிசர் நான், பதுளை வீதி ஓரத்தில் ஊதாக் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஓட்டோக்காரத் தம்பி கண்டபடி சிரித்தான். சிரிக்கட்டும். என்னை யாரும் அப்படிச் செக் பண்ணியதே இல்லை. பெருமையாகத்தான் இருந்தது.

உள்ளே தவத்தின் குரல் மட்டும் கேட்டது. இலக்கங்களைத்தான் சொல்கிறார் என்று தெரிந்து இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றேன். கொஞ்ச நேரத்தில், "ஓமோ? போயிட்டியா உள்ளுக்கு? அப்ப முதல்ல நம்பர மாத்து! செயார் கோட்டெல்லாம் மறுகா, முதல்ல உன்ட நம்பரப் போடு!" என்று கத்தினார். வாசலில் நின்ற கோழி பறந்தது.

5. பாஸ்

ஒபிஸுக்கு வந்தபோது பிரான்சிஸ் சேர் மட்டும் இருந்தார். என் பார்சல் மேசையில் அப்படியே கிடந்தது. செயார் கோட் எங்கள் ஒபிஸ் மெயிலுக்கு வந்திருந்தது. முதலாளிமாரின் பக்கத்தைத் திறந்தேன். கோட், பிறந்த திகதி. பக்கம் சுற்றிச் சுற்றி நின்றது. எங்கட இணைய வேகம் தெரியும்தானே. சேரும் எழும்பி வந்து என் கதிரைக்குப் பின்னால் நின்றார்.

படம் வந்தது. அனுமதி வந்தது. புதிய திகதி வந்தது.

வீடியோவில் கூப்பிட்டேன். முகத்தையும் படத்தையும் பார்த்தேன். பிறகு, நான் அதுவரை யாரிடமும் கேட்காததைக் கேட்டேன். "அறையைச் சுத்திக் காட்டு புள்ள. பக்கத்தில ஆரும் நிக்கிறாங்களா? பாஸ்போட் ஆர்ட கையில?"

சுகந்தி சிரித்துவிட்டாள். "தவம் அண்ணன் மாதிரி நீங்களும் தொடங்கிட்டீங்களா மிஸ்?"

"ஓம், தொடங்கிட்டன். காட்டு."

காட்டினாள். யூனிபோர்ம் அங்கேயே தொங்கியது.

"சரி," என்றேன். "பாஸ். நாளைக்கு வேலைக்குப் போ."

சுகந்தி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். நான் திரையைப் பார்க்காமல் வாவியைப் பார்த்தேன். இரும்பு மிஸ் என்ற பெயரைக் காப்பாற்ற வேண்டுமே.

6. இன்னும் ஒராள்

புதிதாக வருகிற பிள்ளைகளே, பயிற்சியில் உங்களுக்குச் சொல்லித் தருவார்கள். படத்தைப் பார், அனுமதியைப் பார், திகதியைப் பார். மூன்றையும் பாருங்கள், ஒன்றும் தவறக்கூடாது. அதோடு தவம் கேட்டதையும் கேளுங்கள். ஆள் அவரேதானா என்பது பாதிக் கேள்விதான். அவராகத்தான் கேட்கிறாரா என்பது மிச்சப் பாதி. எந்தக் கைநூலிலும் இது இல்லை. நான் அன்றிலிருந்து ஒவ்வொரு செக்கிலும் கேட்கிறேன். சிலர் சிரிக்கிறார்கள். சிலருக்குக் கோபம் வருகிறது. ஒரு தரம் ஒரு பிள்ளை போனைச் சுற்றிக் காட்டாமல் தலையைக் குனிந்துகொண்டது. அந்தக் கதையை நான் இங்கே எழுதமாட்டேன், ஆனால் அந்தப் பிள்ளை இப்போது நல்லாக இருக்கிறாள்.

பிரான்சிஸ் சேர் மறுவாரமே எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் எழுதினார். அக்கவுண்டில் வேறு யாருடைய நம்பரும் இருந்தால் உடனே மாற்றுங்கள் என்று. தவமும் தன் பங்குக்கு ஊருக்குள் அந்தப் பிள்ளைகளின் தகப்பன் தாயைப் பிடித்துப் பிடித்துச் சொல்லியிருக்கிறார். பட்டன் போனுக்கு வரும் கோலையும் இப்போது எடுக்கிறார். எடுத்து, மற்றப் போனில் வீடியோவுக்கு வரச் சொல்கிறார், குடை மாதிரி ஏதாவது ஒன்றைக் கேட்கிறார், அறையைச் சுற்றிக் காட்டச் சொல்கிறார்.

சுகந்தி அடுத்த லீவில் வந்து கடைக்குப் போனாளாம். நேரே வந்து நிற்கிற பிள்ளையிடம், "என்ன நிறக் குடை?" என்று கேட்டுவிட்டுத்தான் தவம் குடையைக் கொடுத்தாராம். என்ன மனிசன்!

போன மாதம் கிரான் பக்கம் ஒரு சாவீட்டுக்குப் போய்விட்டு, சுற்று வழி என்றாலும் பரவாயில்லை என்று கரடியனாற்றுக்கும் போனேன். தவம் பிளேன்டி, வெறும் தேத்தண்ணிதான், வருவித்தார். பட்டன் போன் அதே தட்டில், அதே வயரில்.

"எல்லாரும் மாத்தியாச்சுத்தானே?" என்றேன். "இனி அதை நிப்பாட்டலாமே."

"ஏலா மிஸ்," என்றார். "இன்னும் ஒராள் மிச்சம். இடைக்கிட ஒரு கோட் வருது. ஆரெண்டு தெரியா. எனக்குக் கோல் மட்டும் எடுக்கிறாங்க இல்ல. தெரிஞ்ச வீட்டுக்கெல்லாம் கேட்டுப் பார்த்திட்டன், எங்கட புள்ள இல்ல எண்டுதான் சொல்லுதுகள். ஆனா ஆரோ ஒரு புள்ள எங்கயோ இருந்து உள்ளுக்குப் போகப் பார்க்குது."

பிளேன்டி ஆறிவிட்டது. நான் குடிக்கவில்லை.

இப்போது எனக்கும் அது ஒரு வேலையாகிவிட்டது. எங்கட பக்கத்துப் பிள்ளை யார் செக்குக்கு வந்தாலும், கோட் எந்த நம்பருக்குப் போகிறது என்று கடைசி இலக்கங்களைக் கேட்கிறேன். மாதத்தில் ஒரு தரம் தவத்துக்குக் கோல் எடுக்கிறேன்.

"அந்தப் புள்ள கோல் எடுத்தாவா?"

"இல்ல மிஸ். சார்ஜில வச்சிரிக்கன்."